உதவிக்கு ஒரு தங்கை

கேள்வி: நானும் என் தங்கையும் வெவ்வேறு அலுவலகங்களில் முழுநேர வேலை பார்க்கிறோம். ஓய்வு நேரத்தில் நான் மரக்கட்டையில் சித்திரம் செதுக்கி, அச்செடுத்து, நோட்டுப் புத்தகங்களும் வாழ்த்து அட்டைகளும் செய்து விற்கிறேன். தங்கை எனக்கு உதவியாக இருக்கிறாள். விற்பனை பரவாயில்லை. அலுவலக வேலையை நான் எப்போது விடலாம்? தொழிலுக்கு ஒரு நல்ல பெயரும் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடமில்லாததால் சில வரிகளாகச் சுருக்கியிருக்கிறோம். விஷயம் வெட்டிய பகுதியில்தான் இருந்தது. 'உதவியாக இருக்கிறாள்' என்று இரண்டே சொல்லில் முடித்தவர், மூன்றாம் பக்கத்தில் உங்களையும் அறியாமல் அந்த உதவியை விவரித்திருக்கிறீர்கள். காகிதம் பார்த்து வாங்குவது, மடித்து நூலால் தைப்பது, அட்டை ஒட்டிப் பாரம் வைப்பது, படம் எடுத்துப் போடுவது, விலை கேட்பவருக்கும் விலை அதிகம் என்பவருக்கும் பதில் எழுதுவது, பொட்டலம் கட்டுவது, பணம் தராதவரிடம் மறுபடி கேட்பது, கணக்கு எழுதுவது. நீங்கள் செதுக்குகிறீர்கள். ஐயா, இந்தப் பட்டியலைப் பார்த்தால் தொழில் நடத்துவது உங்கள் தங்கை. நீங்கள்தான் அவருக்கு உதவியாக இருக்கிறீர்கள்.

'உதவி' என்ற சொல்லோடு எனக்குப் பழைய தகராறு. இந்தப் பத்திரிகையிலும் ஓர் உதவி ஆசிரியர் இருக்கிறார். கடிதங்களைப் பிரித்து வகைப்படுத்துவது, நான் எழுதியதில் பிழை திருத்துவது, வக்கீல் நோட்டீஸ் வரக்கூடிய வரிகளை அடிப்பது, நான் தப்பாக எழுதிய ஆண்டுகளைச் சரிபார்ப்பது, எல்லாம் அவர். நான் பதில் எழுதுகிறேன், அதையும் தாமதமாக. ஆனால் ஆசிரியர் நான். இந்தப் பத்தியை அவர் அடிக்காமல் விட்டிருக்கிறார் என்றால் சம்பள உயர்வு கேட்கப் போகிறார் என்று பொருள்.

'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்று பழமொழி செய்தவர்கள் தங்கை உடையானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் பழமொழியில் இல்லை. இலக்குவன் பதினான்கு ஆண்டு தூங்காமல் காவல் நின்றான் என்கிறோம். அதை 'அண்ணனுக்கு உதவி' என்ற கணக்கில் எழுதி மூடிவிட்டோம்.

உங்களுக்கு நேர் முன்னோடி ஒருவர் உண்டு. வில்லியம் ஹெர்ஷெல். ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, வீடு வீடாக இசைப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். 1772-இல் தங்கை கரோலினைக் கச்சேரிகளில் பாட வைப்பதற்காக அழைத்து வந்தார். அவரும் தனித்துப் பாடும் அளவுக்குத் தேறினார். மறு ஆண்டே அண்ணனுக்குத் தொலைநோக்கிப் பித்து பிடித்தது. வீட்டின் அறைகள் பட்டறைகளாயின. தொலைநோக்கிக்கான உலோக ஆடியை மெருகேற்றும்போது நடுவில் கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் கையை எடுக்கவில்லை. தங்கை சாப்பாட்டைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டினார். அலுப்புத் தெரியாமலிருக்கக் கதைப் புத்தகம் வாசித்தும் காட்டினார். பெரிய ஆடி ஒன்றை வார்க்க அச்சு தேவைப்பட்டபோது குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவர்களில் கரோலினும் ஒருவர். பாட வந்த பெண். வார்த்த உலோகம் கசிந்து ஓடிக் கல் தளமே வெடித்துச் சிதறியது தனிக்கதை. உங்கள் தங்கை பசை காய்ச்சுவதோடு நிற்கிறார் என்றால் அவர் ஜாதகம் நல்ல ஜாதகம்.

1781 மார்ச் 13 அன்று ஹெர்ஷெல் யுரேனஸைக் கண்டார். அன்றும் அவருடைய முழுநேர வேலை இசைதான். அதை விட்டது 1782-இல், மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு என்று எழுதிக் கொடுத்த பிறகு. அது இசையில் வந்ததைவிடக் குறைவு. பற்றாக்குறைக்குத் தொலைநோக்கி செய்து மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் விற்றார். ஆக, ஒன்பது ஆண்டு பக்கத் தொழில், அதன் பிறகு ராஜினாமா. 'எப்போது விடலாம்' என்ற கேள்விக்கு இது ஒரு பதில். 'பிடித்ததைச் செய், பணம் பின்னால் வரும்' என்று சக பத்திரிகை ஒன்றில் வாரம்தோறும் எழுதும் நண்பர் வேறு பதில் சொல்வார். அவர் தம் கட்டுரைக்குப் பணத்தை முன்னால் வாங்கிக்கொள்கிறார் என்று கேள்வி.

ஆனால் அண்ணன் வேலையை விட்ட அன்று தங்கையின் வேலையும் போயிற்று. கச்சேரி நடத்துபவர் இல்லை, பாட்டும் இல்லை. தம்மை உதவி வானியலாளராகப் பழக்கப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி கரோலின் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். சம்மதமா என்று கேட்டதாக அதில் இல்லை. அந்த உதவியாளர் 1786 முதல் பதினோரு ஆண்டுகளில் எட்டு வால்மீன்களைக் கண்டார். 1787-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் நிர்ணயித்தது. தம் இஷ்டப்படி செலவழிக்கலாம் என்று தோன்றிய முதல் பணம் வாழ்நாளிலேயே அதுதான் என்று எழுதியிருக்கிறார். அப்போது வயது 37. பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு, அதுவும் அண்ணன் கையிலிருந்து வரவில்லை.

ரைட் சகோதரர்களையும் பாருங்கள். சைக்கிள் கடை வருமானத்தில் விமானம் செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தங்கை கேத்தரின் லத்தீன் ஆசிரியை. 1908-இல் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் விமான விபத்தில் சிக்கியபோது விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி அந்த வகுப்பறைக்குப் போகவே இல்லை. பிறகு அண்ணன்மாரின் கடிதப் போக்குவரத்து, ஐரோப்பியப் பயணம், விருந்தாளிகள், எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. 1926-இல் தம் 52-ஆம் வயதில் அவர் திருமணம் செய்துகொண்டார். அந்தக் குற்றத்துக்காக ஆர்வில் பேச்சை நிறுத்தினார். 1929-இல் கேத்தரின் மரணப் படுக்கையில் கிடந்தபோதுதான் போய்ப் பார்த்தார். உலகத்துக்கே பறக்கக் கற்றுக் கொடுத்த மனிதருக்குத் தங்கை வீட்டுக்கு ஒரு ரயில் பிடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நீங்கள் எப்போது வேலையை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விட்டால் தங்கையின் மாலை நேரம் என்ன ஆகும்? நாள் முழுக்கச் செதுக்கினால் நோட்டுகள் இரண்டு மடங்காகும். தைப்பதும் கட்டுவதும் பதில் எழுதுவதும் தாமாக இரண்டு மடங்காகும். அடுத்து வேலையை விடச் சொல்லி வீட்டில் யாரைப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ராஜினாமாக் கடிதத்துக்கு முன் வேறொரு காகிதம் எழுதுங்கள். இருவரும் வாரத்தில் எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்று ஒரு மாதம் குறியுங்கள். செலவு போக மீதியில் முதலில் இருவருக்கும் மணிக்கணக்கில் ஒரே கூலி, பிறகு மிஞ்சுவதைப் பங்கு. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. ஒருவர் விலகினால் கட்டைகள் யாருக்கு, வாடிக்கையாளர் பட்டியல் யாருக்கு என்பதையும் இப்போதே, சிரித்துப் பேசும்போதே எழுதி வையுங்கள். வெளித்தொழிலை உங்கள் இருவர் வேலை ஒப்பந்தமும் அனுமதிக்கிறதா என்று படியுங்கள். அதைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் கேட்டீர்கள். ஜெர்மனியில் இரண்டு சகோதரர்கள் காலணி செய்தார்கள். ஒற்றுமையாக இருந்தவரை 'டாஸ்லர் சகோதரர்கள் காலணித் தொழிற்சாலை' என்ற சாதுவான பெயர். 1948-இல் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். அடால்ஃப் என்கிற அடி டாஸ்லர் தம் பெயரையே மடக்கி 'அடிடாஸ்' என்றார். அண்ணன் ரூடால்ஃபும் அதே முறையில் 'ரூடா' என்று வைத்துப் பார்த்தார். காதுக்கு ஒத்துவரவில்லை, 'பூமா' ஆக்கினார். ஒரே ஊரில் ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இரண்டு கம்பெனி. உலகம் அறிந்த பெயர் வேண்டுமென்றால் நல்ல சண்டை போட வேண்டும் என்று தெரிகிறது. அதுவரை இருவர் பெயரையும் முழுதாகப் போடுங்கள், தங்கை பெயரை முதலில். இரண்டு பெயரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டாதீர்கள். அப்படிப் பெயர் வைத்தவர்கள் அனுப்பும் விளம்பரங்களை இந்த அலுவலகத்தில் நான் இருமல் மருந்து என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாழ்த்து அட்டையில் 'வாழ்த்துகள்' என்றா, 'வாழ்த்துக்கள்' என்றா செதுக்குகிறீர்கள்? இந்தப் பக்கத்தில் இதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் தமிழாசிரியர்கள் இரு அணியாகப் பிரிந்து கடிதம் போடுகிறார்கள். ஒற்று மிகலாம் என்பவர்கள் இலக்கண ஆதாரத்தோடு வரட்டும், வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் மாறுவதாக இல்லை. குடிக்கிற கள்ளை எதற்கு வாழ்த்தோடு சேர்ப்பது? மரக்கட்டையில் தப்பு நேர்ந்தால் நமது கணினியில் செய்வதுபோல் அழித்து எழுத முடியாது. வேண்டாத 'க்'கை உளியால் சீவிவிடலாம், ஆனால் அந்த இடம் பல் விழுந்த வாயாக வெள்ளையாய் நிற்கும். விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கவோ புதுக்கட்டைதான் வேண்டும். அதனால் செதுக்குவதற்கு முன் தங்கையிடம் காட்டிவிடுங்கள். அலுவலகத்துக்கு மாதிரி அட்டை ஒன்றும் அனுப்புங்கள். 'க்' இருந்தால் திருப்பி அனுப்புவேன். தபால் செலவு உங்கள் பங்கிலிருந்து.