மனசக்தியால் ஸ்பூன் வளைப்பவரைப் படித்தவர்கள்கூட நம்புவது எப்படி?

சென்னையில் ஒரு மேடை நிகழ்ச்சியில் ஸ்பூன் வளைந்ததைப் பார்த்து, கூட வந்த இன்ஜினியர் நண்பரே நம்பிவிட்டார், எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்றவர் இஸ்ரேலின் யூரி கெல்லர். 1970களில் டிவியில் தோன்றி, வீட்டில் ஓடாமல் கிடக்கும் வாட்சைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்வார். பல வீடுகளில் ஓடவும் செய்தது! பாரிமுனைப் பக்கம் பழைய சாவி வாட்ச் ரிப்பேர் செய்பவரைக் கேட்டால் காரணம் சொல்லிவிடுவார். உள்ளே எண்ணெய் கெட்டியாகி நின்றுபோன வாட்ச், கைச்சூட்டில் எண்ணெய் இளகி, ஒரு குலுக்கலில் கொஞ்ச நேரம் ஓடும். ஓடாத வீட்டுக்காரர் பேசாமல் இருந்துவிடுவார், ஓடியவர் ஊரெல்லாம் சொல்வார். தன் வீட்டில், தன் கையிலேயே நடந்தது அல்லவா? அந்த நம்பிக்கையை அசைப்பது ரொம்பக் கஷ்டம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 1973இல் அமெரிக்காவில் ஜானி கார்சன் நடத்திய டிவி பேட்டி நிகழ்ச்சியில் நடந்தது. கார்சனே பழைய மேஜிக்காரர். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞரிடம் யோசனை கேட்டு, கெல்லர் தரப்பு முன்கூட்டியே தொட முடியாதபடி பொருட்களை ஏற்பாடு செய்தார்கள். கெல்லரால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் புகழ் குறையவே இல்லை. தந்திரம் என்றால் தப்பாமல் நடந்திருக்குமே, தவறியதால்தான் இது நிஜம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, நண்பரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை வீட்டு ஸ்பூனில் அடையாளம் போட்டு எடுத்துப் போங்கள். உங்கள் கையை விட்டுப் போகாமல் அதை வளைக்கச் சொல்லுங்கள்.