ஒன் டவுனில் யார்?

அன்புள்ள சார்,

கௌஹாத்தியில் தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன்னில் தோற்றதிலிருந்து டெஸ்ட் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. ரன் கணக்கில் நம் அணியின் ஆகப் பெரிய தோல்வி என்கிறார்கள். நம்மிடம் ஆளே இல்லையா? ஐபிஎல் எல்லோரையும் கெடுத்துவிட்டதா? சாய் சுதர்சனையும் வாஷிங்டன் சுந்தரையும் உள்ளே வெளியே, மேலே கீழே என்று பந்தாடுவது தமிழ்நாட்டுப் பையன்கள்தானே என்ற இளக்காரமா? கோச் கம்பீரை மாற்றினால் சரியாகிவிடுமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

இளக்காரம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருண் நாயர் கர்நாடகக்காரர். 2016 டிசம்பரில் நம் சேப்பாக்கத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராக 303 நாட் அவுட் அடித்தார். அடுத்த டெஸ்ட்டில் அவருக்கு இடமில்லை, காயம் ஆறி ரஹானே திரும்பிவிட்டார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3 டெஸ்ட் கொடுத்தார்கள். அப்புறம் 2025 வரை ஒரு டெஸ்ட்கூட ஆட வைக்கவில்லை. சர்ஃபராஸ் கான் மும்பைக்காரர். 2024-ல் பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிராக 150 அடித்தவர், அதே வருஷம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஐந்து டெஸ்ட்டையும் பெவிலியனில் உட்கார்ந்து பார்த்தார். அதனால் இதில் ஊர்ப் பாகுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே கதிதான்.

ஆள் இல்லையா என்ற கேள்விக்கு ஒரே ஒரு நாற்காலியை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஒன் டவுன், அதாவது முதல் விக்கெட் விழுந்ததும் இறங்கும் மூன்றாவது இடம்.

திராவிட் 1996-ல் வந்து 2012 ஜனவரியில் போனார். புஜாராவின் கடைசி டெஸ்ட் 2023 ஜூன், ஓவல். இடையிடையே சில மாறுதல் உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த இடத்தில் யார் என்று தெருவில் விளையாடும் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் புஜாரா 1258 பந்து ஆடினார். அவர் அடித்த 521 ரன்னைவிட அந்த 1258-தான் எனக்குப் பெரிசு. பந்து பழசாகி, பவுலர் களைத்துப்போன பிறகுதான் மற்றவர்கள் வந்து அடித்தார்கள்.

அவரை அனுப்பிவிட்டு கில் வந்தார். தொடக்க ஆட்டக்காரரான அவர் தானே கேட்டு வாங்கிய இடம் அது. சரி, போகட்டும். அவருக்குக் காயம் என்றதும் பெங்களூருவில் கோலி, பெர்த்தில் படிக்கல். மெல்போர்னில் ரோஹித் தொடக்கத்துக்குப் போக ராகுல் மூன்றுக்கு இறங்கினார். 2025 மே மாதம் ஐந்து நாள் இடைவெளியில் ரோஹித்தும் கோலியும் டெஸ்ட்டை விட்டார்கள். இங்கிலாந்துத் தொடருக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. கில் கேப்டனாகி நான்குக்குப் போனார், 754 ரன் அடித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று காலி.

லீட்ஸில் சாய் சுதர்சனுக்கு முதல் டெஸ்ட். 0, 30. அடுத்த டெஸ்ட்டில் வெளியே. பர்மிங்ஹாமிலும் லார்ட்ஸிலும் கருண் நாயர். மான்செஸ்டரில் கருண் வெளியே, மறுபடி சாய், 61. ஓவலில் சாய் மூன்று, கருண் ஐந்து. அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் வந்தபோது டெல்லியில் சாய் 87 அடித்தார். அப்பாடா, ஆள் கிடைத்தான் என்று நினைத்தேன். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில், தென்னாப்பிரிக்காவுடன். சாய் வெளியே. ஒன் டவுனில் வாஷிங்டன் சுந்தர்.

வாஷிங்டனை ஒன் டவுனில் இறக்கியது முட்டாள்தனம் என்று பலர் எழுதினார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 17-18 வயதிலேயே ரஞ்சியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிச் சதம் அடித்தவர். 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிராக மூன்றில் இறங்கி 152. கொல்கத்தாவில் என்ன செய்தார் என்று பாருங்கள். இலக்கு 124. ஜான்சன் ஜெய்ஸ்வாலையும் ராகுலையும் எடுத்துவிட்டார், ஸ்கோர் ஒரு ரன்னுக்கு 2 விக்கெட். கில் கழுத்து வலியால் ஆஸ்பத்திரியில். அந்தப் பிட்ச்சில் ஒரு பந்து முழங்காலுக்குக் கீழே போனது, அடுத்த பந்து மார்புக்கு வந்தது. அங்கே 92 பந்து நின்று 31 எடுத்தார். கடைசியில் மார்க்ரமின் பகுதிநேரச் சுழலில் ஸ்லிப்பில் கேட்ச். அந்த இன்னிங்ஸில் இந்தியாவின் அதிகபட்ச ஸ்கோர் அதுதான். மொத்தம் 93, 30 ரன்னில் தோல்வி.

ஒருவரை மூன்றில் இறக்கினீர்கள், அவரும் நின்று காட்டினார். அடுத்த டெஸ்ட்டில், கௌஹாத்தியில், அவர் எட்டாவது! சாய் மீண்டும் மூன்று. கில் இல்லாததால் வரிசை மாறியது என்று காரணம் சொல்லலாம். ஆனால் கில் ஆடுவது நான்கில். அவர் இல்லாவிட்டால் நான்குக்கு ஆள் தேட வேண்டும், மூன்றை ஏன் தொட வேண்டும்?

சின்ன வயதில் எங்கள் தெரு டீமில் நான் ஒப்புக்குச் சப்பாணி. எதுவும் ஆடத் தெரியாததால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். வாஷிங்டனுக்கு எல்லாம் ஆடத் தெரியும், அதனாலேயே எங்கே வேண்டுமானாலும் நிறுத்துகிறார்கள். 2021 பிரிஸ்பேனில் ஏழு, மான்செஸ்டரில் ஐந்தில் வந்து டெஸ்ட்டைக் காப்பாற்றிய 101 நாட் அவுட், கொல்கத்தாவில் மூன்று, கௌஹாத்தியில் எட்டு. புனேவில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்த பவுலர் வேறு. கொல்கத்தாவில் நான்கு ஸ்பின்னர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு பந்தை அவர் கையில் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படியானால் அவரை எடுத்தது எதற்கு? தேர்வுக் கூட்டத்தில் ஆள் யார் என்று பேசுகிறார்கள், வேலை என்ன என்று பேசுவதில்லை போலிருக்கிறது.

பிட்ச் விஷயத்திலும் இதே கதைதான். கொல்கத்தா பிட்ச் நாங்கள் கேட்டபடிதான் இருந்தது என்று கம்பீரே சொன்னார். சுழலுகிற பிட்ச் நமக்குச் சாதகம் என்பது அஸ்வின், ஜடேஜா உச்சத்தில் இருந்த காலத்துக் கணக்கு. சாதாரணப் பிட்ச்சில் அவர்களுக்கும் எதிரணி ஸ்பின்னர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். முதல் நாளே கண்டபடி திரும்பினால் அந்த வித்தியாசம் மறைந்துபோகிறது, எதிரணியின் நடுத்தரமான ஸ்பின்னரும் ராஜா. 2024-ல் புனேவில் நியூசிலாந்தின் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தாரே, அதற்கு முன் டெஸ்ட்டில் ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்கூட எடுத்ததில்லை அவர். அந்தத் தொடரை 3-0 என்று தோற்ற பிறகும், ஒரு வருஷம் கழித்து அதே மாதிரிப் பிட்ச்சைக் கேட்டு வாங்கினார்கள். தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் ஹார்மர் 2 டெஸ்ட்டில் 17 விக்கெட்.

தயாரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா அக்டோபரில் பாகிஸ்தானில் சுழல் பிட்ச்சில் இரண்டு டெஸ்ட் ஆடி 1-1 என்று முடித்துவிட்டு வந்தது. காயத்தால் அதில் ஆடாத அவர்கள் கேப்டன் பவுமா பெங்களூருவில் தங்கள் ஏ அணிக்கு ஒரு நான்கு நாள் ஆட்டம் ஆடினார். கொல்கத்தாவில் இரண்டு அணியிலும் சேர்த்து அரைச் சதம் அடித்த ஒரே ஆள் அவர், 55 நாட் அவுட். நம் கேப்டன் நவம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் டி20 மைதானத்தில் இருந்தார். நவம்பர் 14 கொல்கத்தாவில் டாஸ். நேர வித்தியாசம் தெளிவதற்குள் முதல் பந்து. இந்த அட்டவணையைப் போட்டது ஐபிஎல் இல்லை, வாரியம். ஐபிஎல்லைத் திட்டுவது சுலபம். ஆனால் சாய், கில், ஜெய்ஸ்வால் எல்லோருமே அங்கே ஆடுகிறவர்கள்தான், டெஸ்ட்டிலும் நின்று ஆடிக் காட்டியிருக்கிறார்கள். சிவப்புப் பந்துக்கு மாற அவர்களுக்கு இரண்டு வாரம் கொடுக்க வேண்டாமா?

கம்பீரை மாற்றலாமா? மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். அஸ்வினை 2023 டெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் வெளியே உட்கார வைத்தபோது கோச் திராவிட். டெஸ்ட் பவுலர் தரவரிசையில் அப்போது அஸ்வின்தான் முதலிடம். ஆஸ்திரேலியாவில் முதல் மூன்று டெஸ்ட்டுக்கு வாஷிங்டன், அஸ்வின், ஜடேஜா என்று ஆளுக்கொரு டெஸ்ட் கொடுத்தபோது கோச் கம்பீர். மூன்றாவது முடிந்த அன்றே, 537 விக்கெட்டோடு, தொடரின் பாதியிலேயே அஸ்வின் ஓய்வு அறிவித்துவிட்டார். கோச் மாறினார், வழக்கம் மாறவில்லை.

டெஸ்ட் பார்க்க மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கௌஹாத்தி மூன்றாம் நாளை முடிந்தால் மறுபடி பாருங்கள். ஜான்சன் பவுன்சராகப் போட்டு நடுவரிசையைக் காலி செய்த பிறகு, எட்டாவது ஆள் வாஷிங்டன் 48 எடுக்கிறார். எதிர்முனையில் ஒன்பதாவது ஆள் குல்தீப். 134 பந்து, 19 ரன். ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து, காலை நீட்டி, தட்டிவிட்டு நிமிர்கிறார். அந்த இன்னிங்ஸில் வேறு யாரும் அத்தனை பந்து ஆடவில்லை.