பூட்டனாரின் ஏப்ரன்

அன்புள்ள ஐயாவுக்கு,

வீடு திருத்தும்போது பூட்டனாரின் றங்குப்பெட்டி அகப்பட்டது. உள்ளே ஒரு வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன். சுற்றிவர இளநீலக் கரை, மூன்று நீலப் பூக்கள். கூடவே கவராயமும் மூலைமட்டமும் பொறித்த பதக்கம். அவர் கச்சேரியில் கிளாக்கர்; 1910களில் கண்டியிலும் வேலை பார்த்தவர். பிறீமேசன் என்ற சகோதரச் சங்கத்தில் இருந்தவர் என்கிறார்கள். மட்டக்களப்பில் அவர்கள் கூடிய கட்டடம் எது? கோட்டைக்குள் என்கிறார் ஒருவர், வாவிக்கரைப் பங்களா என்கிறார் மற்றவர். பெரியம்மாவோ "பேய்க்குப் படைத்தவங்க, பெட்டிய மூடு" என்கிறா.

வாசகி, ஆரையம்பதி

அன்புள்ள மகளுக்கு,

பெட்டியை மூடாமல் எனக்கு எழுதியதற்கு நன்றி.

பெரியம்மாவோடு கோபிக்காதீர்கள். வட இந்தியாவில் பிறீமேசன்கள் கூடும் லொட்ஜ் கட்டடத்தைச் சனங்கள் 'ஜாதூ கர்', அதாவது மந்திர வீடு என்றே சொன்னார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு கூடினால் வெளியே நிற்கிறவர்கள் எதையாவது நினைக்கத்தான் செய்வார்கள்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். லொட்ஜ் என்றால் ஆட்களின் கூட்டம். தலைமைச் சபை கொடுத்த அதிகாரப் பத்திரம் கையில் இருந்தால் எந்த அறையிலும் கூடலாம். லண்டனில் நாலு லொட்ஜுகள் சேர்ந்து தலைமைச் சபை அமைத்தது 1717இல் என்பது அவர்கள் கணக்கு. கூடிய இடம் ஒரு மதுக்கடை. அந்த நாலுக்கும் தாங்கள் கூடும் கடையின் பெயரே பெயர். சபை தனக்கென்று மண்டபம் கட்டித் திறந்தது 1776இல்தான். பழைய நாளில் கூட்டம் தொடங்குமுன் வாசற்காவலர் அறைத் தரையில் சுண்ணக்கட்டியாலும் கரியாலும் சின்னங்களை வரைவார்; முடிந்ததும் வாளித் தண்ணீர் கொண்டு துடைத்துவிடுவார்கள். அயர்லாந்துச் சபை 1732இலேயே ஒரு படைப்பிரிவுக்குப் பத்திரம் கொடுத்தது. படை போன இடமெல்லாம் லொட்ஜும் போனது.

எனக்கு நம்முடைய வட்டக்களரிதான் ஞாபகம் வருகிறது. மண் போட்டு உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, வெள்ளை கட்டி, விடிய விடியக் கூத்தாடுவார்கள். அடுத்த கிழமை அந்த வளவில் மாடு மேயும். கூத்து அண்ணாவியாரின் கொப்பியில் இருக்கும். லொட்ஜுக்கும் அப்படிக் கொப்பி உண்டு, நீங்கள் தேட வேண்டியது அதை.

இலங்கையில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய மூன்று சபைகளின் கீழும் லொட்ஜுகள் இருந்தன. ஸ்கொட்லாந்து முறையில் ஒவ்வொரு லொட்ஜும் தன் நிறத்தைத் தானே தெரிவுசெய்யும். நீங்கள் சொல்லும் இளநீலக் கரையும் மூன்று பூவும் இங்கிலாந்து முறையில் மூன்றாம் படி ஏறியவருக்கு உரியவை. ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். அந்தச் சபையின் உறுப்பினர் பதிவேடுகள் 1751 முதல் 1921 வரை இணையத்தில் கிடைக்கின்றன, கடல்கடந்த லொட்ஜுகளும் சேர்த்து. பெயர், தொழில், சேர்ந்த திகதி இருக்கும். நம்மவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே நாலைந்து எழுத்துமுறையில் தேடுங்கள். லொட்ஜின் இலக்கம் கிடைத்துவிட்டால், ஜோன் லேன் தொகுத்த பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு லொட்ஜும் எந்த ஆண்டு எங்கே கூடியது என்று 1894 வரைக்கும் அதில் வரிசையாக உண்டு. 1863க்கு முந்திய இலக்கங்கள் பலமுறை மாறியவை, அதில் கவனம்.

கண்டியையும் கொழும்பையும் முதலில் பாருங்கள். ஏப்ரன் ஆரையம்பதியில் இருப்பதால் லொட்ஜும் மட்டக்களப்பில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. கச்சேரி உத்தியோகத்தர்கள் இடமாற்றத்தோடு ஊரூராய்ப் போனவர்கள். ஏப்ரனும் பெட்டிக்குள் கூடவே வந்திருக்கும். கோட்டையும் பங்களாவும் பிறகு.

அப்புறம் ஒன்று. ஏப்ரனைத் தோய்த்துவிடாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். நமது வாவிக்காற்றில் பொலித்தீன் பைக்குள் வைத்தால் தோல் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் மடியாமல் விரித்து வையுங்கள். உட்புறத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.