வவுச்சர் கொடுத்தால் தோட்டத்துப் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போகலாமா?

சீருடைக்கும் சப்பாத்துக்கும் தந்தார்களே, அந்த வவுச்சர் இல்லை இது. இதில், பிள்ளைக்கு அரசு செலவழிக்கும் காசைப் பெற்றோர் தாங்கள் விரும்பும் பாடசாலைக்கு, அது தனியார் என்றாலும், கொண்டுபோகலாம். 1955இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த யோசனை. சிலி 1981இல் தொடங்கியது, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1990இல். போட்டி வந்தால் பாடசாலைகள் திருந்தும் என்பார்கள். சிலியிலோ வசதியுள்ள பிள்ளைகள் தனியாருக்குப் போக, ஏழைகளில் பலர் அரச பாடசாலையில் தங்கிவிட்டார்கள்.

நம்ம பக்கம், இலங்கை மலையகத்தில்? மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் காலை பஸ்ஸை விட்டால் நடைதான். தெரிவு செய்ய இரண்டாவது பாடசாலை எங்கே? டவுன் பாடசாலையில் முதலாம் தரத்துக்குக் குடியிருப்புக்கு அத்தாட்சியாகக் காணி உறுதி போன்றவை கேட்பார்கள். தோட்டம் தந்த லயன் காம்பராவுக்கு (வரிசை வீட்டு அறைக்கு) ஏது உறுதி? இப்போதைக்கு நல்ல பாடசாலைக்குப் போக நம்ம வவுச்சர் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான், அதுவும் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைக்கு மட்டும். என்னைக் கேட்டால், முதலில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் டீச்சர் வரட்டும்.