ஒரு பொருளுக்கு 1,500 ரூபாய் கேட்கும் ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள்

கேள்வி: ஐயா, புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்களுடையது ஒரு சிறிய கிராமம். பழைய ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்த அறையில் ஊர் வரலாற்றுக்கென்று சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறோம். மரக்கால், படி, ஓலைச்சுவடிகள், சமஸ்தான காலத்து அம்மன் காசுகள், பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், ஒரு வீட்டார் கொடுத்த பாவை விளக்கு, கண்மாய் தூர்வாரியபோது கிடைத்த ஒரு கற்சிலை எல்லாம் இருக்கின்றன. போன வாரம் ஒருவர் வந்து, இவற்றை அரசிடம் பதிவு செய்யாவிட்டால் ஜெயில் என்றும், ஒரு பொருளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் தானே சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொன்னார். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பயப்பட வேண்டிய பொருள் உங்கள் அறையில் ஒன்றே ஒன்றுதான், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்த ஆள் சொன்னதில் கால்வாசி உண்மை. இப்படிப்பட்டவர்களின் பிழைப்பே அந்தக் கால்வாசியில்தான் நடக்கிறது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய கலைப்பொருளும் பழம்பொருளும் தொல்பொருள்தான். கையெழுத்துச் சுவடிக்கு 75 வருடம் போதும். ஆனால் தொல்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லவில்லை. கல், உலோகம், சுடுமண், தந்தம், எலும்பு, மரம் இவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் இவ்வளவுதான் பதிவுப் பட்டியல். உங்கள் மரக்கால் சிற்பமில்லை, படியும் இல்லை. எழுத்து மட்டும் உள்ள ஓலைக்குப் பதிவு வேண்டாம். அம்மன் காசுக்கும் வேண்டாம். ஆக அந்த ஆள் கணக்குப் போட்ட பொருள்களில் முக்கால்வாசி அப்படியே கழிந்துவிடுகிறது.

மிஞ்சுவது பாவை விளக்கு. விளக்கேந்திய பெண்ணுருவம் என்பதால் அது உலோகச் சிற்பம், 100 வருடம் ஆகியிருந்தால் பட்டியலுக்குள் வரும். இங்கேதான் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசோ உள்ளாட்சி அமைப்போ சொந்தமாக வைத்திருக்கும், அல்லது கட்டுப்படுத்தும், அல்லது நிர்வகிக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருளுக்குப் பதிவு தேவையில்லை என்கிறது. கிராம ஊராட்சி உள்ளாட்சி அமைப்புதானே. அப்படியானால் நமக்கு விலக்கு உண்டு என்று உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அறை ஊராட்சியுடையது, நடத்துவது இளைஞர்கள் என்றால் அது ஊராட்சி நடத்தும் அருங்காட்சியகம் ஆகாது, ஊராட்சிக் கட்டடத்தில் குடியிருக்கும் உங்கள் அருங்காட்சியகம். தலைவரை கௌரவத் தலைவராகப் போட்டு, திறப்பு விழாவில் மாலை போட்டுப் படம் எடுத்தாலும் போதாது. நீங்கள் சங்கம் பதிவு செய்திருந்தாலும் போதாது, சங்கம் உள்ளாட்சி ஆகாது, மத்திய அரசு தனியாக அங்கீகரித்திருந்தால்தான் உண்டு. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் "இந்த அருங்காட்சியகம் ஊராட்சியின் நிர்வாகத்தில் உள்ளது, இணைப்பில் உள்ள பொருள்கள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளன" என்று தீர்மானம் போட்டு, பொருள் பட்டியலை இணைத்து, நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்து புதுத் தலைவர் வந்து, இந்த அறை பிளீச்சிங் பவுடர் மூட்டை வைக்க வேண்டும் என்று சொன்னாலும் பேச உங்களிடம் அந்தத் தாள் இருக்கும்.

தீர்மானம் போட முடியாது என்கிறார்களா? விளக்கை மட்டும் பதிவு செய்யுங்கள். விண்ணப்பமும் புகைப்படங்களும் நீங்களே கொடுக்கலாம், நடுவில் ஆள் வேண்டாம். எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பணியில் இருந்தபோது ஓர் ஊர்க்காரர்களுக்கு நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே ஒன்றரை வருடம் ஆயிற்று, கடைசியில் புகைப்படத்தில் பின்பக்கம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி இழுத்தடித்தால் 1,500 ரூபாய்க்காரன் வராமல் என்ன செய்வான்?

சரி, அந்தக் கற்சிலை. உண்மையான சிக்கல் இதுதான், உங்கள் தரகர் இதைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டார். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது புதையல் கணக்கில் வரும். 1878-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், பத்து ரூபாய் பெறுமானத்துக்கு மேல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய். உங்கள் அறை ஊராட்சியுடையது என்பதால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. என்று, எந்தக் கண்மாயில், எத்தனை அடி ஆழத்தில், யார் கண்டார்கள் என்று ஆட்சியருக்கு எழுதி, இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்றால், ஆமாம், போகலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி இப்படிப் புதையலாக வந்தவைதான்.

தெரிவிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராசர் இருக்கிறார். 1976-இல் மண்ணைத் தோண்டிய ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த சிலை, சொற்ப விலைக்குக் கைமாறி, தரகர் தரகராக லண்டன் வரை போனது. அங்கே வழக்கு நடந்து 1991-இல்தான் திரும்பி வந்தது.

தரகர்கள் பல வேஷத்தில் வருவார்கள். ஒருவன் பதிவு என்பான், ஒருவன் "ஆய்வுக்கு இரண்டு நாள் கொடுங்கள்" என்பான். இன்னொருவன் உங்கள் செம்பில் இரிடியம் இருக்கிறது என்று அரிசியை ஒட்டவைத்துக் காட்டுவான். அம்மன் காசில் ஒரு பை நிறைய நல்ல விலைக்குக் கேட்பவனும் உண்டு. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்பவே முடியாது. உரிமத்தைக் காட்டு என்று கேளுங்கள், அவசர வேலை வந்துவிடும் அவனுக்கு.

இவர்களுக்கெல்லாம் மருந்து புகைப்படம். சிறிபுரந்தன் நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது திருட்டுச் சிலை என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படம்தான், 2014-இல் திரும்பி வந்தது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஒரு நீள நோட்டில் வரிசை எண், பெயர், அளவு, யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று மையில் எழுதுங்கள். எண்ணைப் பொருள்மேல் மார்க்கரால் எழுதாதீர்கள், நூலில் சீட்டு கட்டித் தொங்கவிடுங்கள்.

புளி போட்டு விளக்கைத் தேய்க்க வேண்டாம், காசையும்தான். பர்மாக் கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், எத்தனை பேர் செய்துவிட்டு வந்து அழுதிருக்கிறார்கள். சுவடிக்கு எண்ணெய் பூசுவதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் திருக்கோகர்ணத்தில் 1910-இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படத்தை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. பாவை விளக்கைக் கொடுத்த வீட்டார் அதைத் தானமாகக் கொடுத்தார்களா, இரவலாகவா? எழுதி வாங்கியிருக்கமாட்டீர்கள், யாரும் வாங்குவதில்லை. கொடுத்தவர் நன்றாக இருக்கும்போதே, அவருடைய பிள்ளைகளையும் உட்காரவைத்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.