ஒயினரிச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் இன்னொரு தம்பதியுடன் சேர்ந்து, ஒயின் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஒரு பகுதிக்கு மூன்று நாள் பயணம் செல்லவிருக்கிறோம். நால்வருக்குமே இது முதல் அனுபவம். நாளொன்றுக்கு ஐந்து வீதம் பதினைந்து ஒயினரிகளை, அதாவது ஒயின் தயாரிக்கும் இடங்களை, குறித்து வைத்திருக்கிறோம். எங்களுள் என் தோழி மட்டும் மது அருந்துவதில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சியாக அமைய எப்படித் திட்டமிடலாம்?

பதில்: பதினைந்தில் ஒன்பதை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு போதும். இது கஞ்சத்தனமான ஆலோசனையாகத் தோன்றினால், கணக்கைப் பாருங்கள். ஒயினரிகளில் பார்வையாளர்கள் சுவைத்துப் பார்ப்பதற்கென இருக்கும் சுவைக்கூடங்களில் ஒரு வகை ஒயினை பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி லிட்டர் வரை ஊற்றித் தருவார்கள். சராசரியாக 45 மில்லி என்றும், ஓரிடத்தில் ஐந்து வகை என்றும் வைத்துக்கொண்டால், ஓர் ஒயினரியிலேயே 225 மில்லி ஆகிறது. ஐந்து ஒயினரிகளில் 1,125 மில்லி, அதாவது ஆளுக்கு ஒன்றரை பாட்டில். கோப்பையின் அடியில் சிறிதளவே தெரிவதால் இந்தக் கூட்டுத்தொகை யாருடைய கண்ணுக்கும் படுவதில்லை.

மயக்கம் ஒருபுறமிருக்க, நாக்கும் களைத்துவிடுகிறது. சிவப்பு ஒயின்களிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலிலுள்ள புரதங்களோடு சேர்ந்து வாயை உலர்த்துகிறது. அடுத்தடுத்து அருந்தும்போது அந்தத் துவர்ப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போவதால், பிற்பகலில் உங்கள் முன் வைக்கப்படும் மிகச் சிறந்த ஒயினும் காலையில் அருந்திய சாதாரண ஒயினும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே நீங்கள் மிகவும் விரும்பும் இடத்தை முற்பகல் பத்தரை அல்லது பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாக்கு தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. பிறகு நிதானமாக உணவு. அடுத்த ஒயினரி மூன்று மணிக்கு மேல். வெறும் வயிற்றில் எங்கும் தொடங்க வேண்டாம்.

ஒரே நாளில் செல்லும் இரண்டு இடங்களும் ஒன்றுபோல் இல்லாதவாறு தேர்ந்தெடுப்பது நல்லது. நிலவறை, நொதிப்புத் தொட்டிகள், பீப்பாய்க் கூடம் ஆகியவற்றைச் சுற்றிக்காட்டும் பெரிய ஒயினரி ஒன்று; தயாரிப்பவரே முன்னால் நின்று ஊற்றித் தரும் சிறிய குடும்பத் தோட்டம் ஒன்று. முழுச் சுற்றிக்காட்டலைப் பயணத்தில் ஒருமுறை கேட்டால் போதும். எஃகுத் தொட்டிகளைப் பற்றிய அதே விளக்கத்தை மூன்றாம் முறை முகம் மலரக் கேட்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். கோடைக்காலமாயினும் ஒரு மேலாடையைக் கையில் வைத்திருங்கள். நிலவறைகள் பொதுவாக 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்தே இருக்கும்.

முன்பதிவின்றிப் போய் நிற்பதைத் தவிர்க்கவும். கலிபோர்னியாவின் நாபா மாவட்டத்தில் 1990-இல் வந்த விதிகளின்படி, அதன்பின் அனுமதி பெற்ற ஒயினரிகள் முன்னேற்பாட்டின் பேரிலேயே பார்வையாளர்களைச் சுவைக்க அனுமதிக்க வேண்டும். பிரான்சின் பர்கண்டியிலோ காரணம் வேறு: அங்கே பல தோட்டங்கள் மிகச் சிறியவை, கொடியைக் கத்தரிப்பவரும் கதவைத் திறப்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடும் என்பதால், சொல்லாமல் போனால் பூட்டிய கதவையே காண நேரும். ஐரோப்பாவில் மதிய உணவு வேளையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூடியிருக்கும் இடங்கள் பல. பதிவு செய்யும்போது எத்தனை பேர், அவர்களுள் சுவைப்பவர் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். தாமதமானால் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

இனி உங்கள் தோழி. குடிக்காதவர் என்பதாலேயே மூன்று நாளும் வண்டி ஓட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிடக் கூடாது. அவருக்கும் இது விடுமுறைதானே. அவரே மனமுவந்து ஒப்புக்கொண்டால் ஒரு நாள் ஓட்டட்டும், மற்ற நாட்களுக்கு ஓட்டுநருடன் வாகனம் அமர்த்துங்கள். கொஞ்சம்தானே சுவைத்தோம் என்று மற்ற மூவரில் ஒருவர் சாவியை எடுப்பது கூடாது. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதைக் கல்லீரல் தன் வேகத்தில்தான், ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, சிதைக்கும். காபியும் குளிர்ந்த நீரும் அதை விரைவுபடுத்துவதில்லை. மேலும், ஒயினின் பெரும்பகுதி மணத்தில்தான் இருக்கிறது என்பதால், முகர்ந்து பார்த்து என்ன மணம் என்று ஊகிப்பதில் தோழியும் முழுமையாகக் கலந்துகொள்ளலாம். அருந்தாத மூக்கு பெரும்பாலும் வென்றுவிடும்.

கேள்வி: சுவைத்த ஒயினைத் துப்புவது அங்கிருப்பவர்களை அவமதிப்பதாகாதா? எங்களுக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுமோ என்றும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஆகாது. துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள்; தொழில்முறையில் சுவைப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். கோப்பையில் மீந்ததையும் அதிலேயே ஊற்றிவிடலாம். துப்பக் கூச்சமாக இருந்தால், இருவருக்கு ஒரு சுவைப்பு என்று கேட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். பல இடங்களில் இதற்கு இசைவார்கள். ஆனால் வாசனைத் திரவியத்தைப் பூசிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மூக்கோடு பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும். துப்புவதைவிட அதுதான் மரியாதைக் குறைவு.

தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கே நன்மை. ஊற்றித் தருபவர் அதற்கேற்ப விளக்குவார். பொதுவாக இலேசானதிலிருந்து கனமானதற்கும், இனிப்பற்றதிலிருந்து இனிப்புள்ளதற்குமாக வரிசை செல்லும். அந்த வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள், ஏனெனில் இனிப்பு ஒயினுக்குப் பின் வரும் இனிப்பற்ற ஒயின் வெறும் புளிப்பாகவே தெரியும். கேட்பதற்கு நல்ல கேள்வி ஒன்று உண்டு: ஒரே திராட்சையில் செய்த இரண்டு ஒயின்களை அடுத்தடுத்து ஊற்றித் தர முடியுமா, ஒன்று ஓக் மரப் பீப்பாயில் இருந்தது, மற்றொன்று எஃகுத் தொட்டியில் இருந்தது என்று. பீப்பாய் தரும் வெனிலா மணமும் தடிப்பும் என்னவென்பது அந்த ஐந்து நிமிடத்தில் புரிவதுபோல் எந்த விளக்கத்தாலும் புரியாது.

கேள்வி: அறுவடைக் காலத்தில் போவதுதான் சிறப்பு என்கிறார்களே?

பதில்: பார்ப்பதற்குச் சிறப்பு, பேசுவதற்கு அல்ல. வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரையிலும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் பெரும்பாலான அறுவடை நடக்கும். கொத்துகள் வந்து இறங்குவதையும் நொதிக்கும் சாற்றின் மணத்தையும் அப்போதுதான் அனுபவிக்க முடியும். ஆனால் தயாரிப்பாளர் தூக்கமின்றி ஓடிக்கொண்டிருப்பார். நொதித்தலில் வெளியாகும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சில பகுதிகளுக்கு உங்களை அனுமதிக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், அறுவடை முடிந்த இரண்டு மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுப்பேன். இலைகள் நிறம் மாறியிருக்கும், பேசுவதற்கும் ஆள் கிடைப்பார்.

எந்தக் காலத்தில் போனாலும் படம் எடுப்பதற்காகக் கொடிகளுக்கிடையே அனுமதியின்றி இறங்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி, காலணியில் ஒட்டும் மண்ணோடும் பரவக்கூடியது. தெற்கு ஆஸ்திரேலியா அதை உள்ளே விடாமல் காத்து வந்ததால்தான், அங்குள்ள பரோசா பள்ளத்தாக்கில் 1840-களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன.

கேள்வி: சுவைத்த இடத்தில் கட்டாயம் வாங்க வேண்டுமா? வாங்கினால் விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: கட்டணம் செலுத்திச் சுவைத்தால் வாங்க வேண்டிய கடமை இல்லை. கட்டணம் பெறாமல் ஒரு சிறிய தோட்டக்காரர் ஒரு மணி நேரத்தை உங்களுக்குத் தந்திருந்தால், ஒரு பாட்டிலாவது வாங்குவதே முறை. வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். அந்த வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையை வெளித்தள்ளும், சுவையும் வெந்துபோகும். திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு காரணமாகப் பெரும்பாலான விமான நிலையங்களில் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. துணிகளுக்கு நடுவே சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். ஆல்கஹால் 24 சதவீதத்துக்கு மேற்படாத பானங்களுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. ஏறத்தாழ 20 சதவீதமுள்ள போர்ட் ஒயினும் இதில் அடங்கும். சுங்க வரம்பு வேறு, விமான விதி வேறு. இறங்கும் நாட்டில் வரியின்றி எத்தனை லிட்டர் கொண்டுவரலாம் என்பதை, பாட்டிலுக்குப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.