நகையை அடகு வைத்து கல்லூரி சீட் வாங்க வேண்டாம், அக்கா

பாம்பன் பக்கத்திலிருந்து போன வாரம் ஓர் அக்கா, மகளின் கல்லூரிப் படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்திருந்தார். கடலில் பாசி எடுக்கிறவர். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், உயிரியலும் கணிதமும் உள்ள பிரிவு. அந்த வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

"சேர்த்துவிட்டா முடிப்பாளா சார்? எங்க அண்ணன் மகன் ரெண்டாவது வருஷமே திரும்பி வந்துட்டான்."

பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. துபாயில் இருக்கும் கொழுந்தனார் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறாராம். முன்பணத்துக்கு நகையை அடகு வைக்கச் சொல்கிறார். கூடாது என்றேன். கல்லூரிச் சேர்க்கைக்காக அலையும் நேரத்தில்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும்; அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். முதல் வருடத்தை எப்படியோ கட்டிவிடுவீர்கள். அடுத்த மூன்று வருடம்?

அப்புறம், என்ன படிக்க ஆசை என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். "தண்ணி சூடானா வளர்ப்புப் பாசி ஏன் சார் வெளுத்துப் போகுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத் தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு, நான்கு வருடம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

குஞ்சு பொரிப்பகம், இறால் குளம், மீன் நோய், வலை, பதப்படுத்துதல் என்று கையை நனைத்துக் கற்கிற படிப்பு அது. முடித்தால் மீன்வளத் துறைத் தேர்வு எழுதலாம், ஏற்றுமதி ஆலையில் தரக்கட்டுப்பாட்டுக்குப் போகலாம், வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வுக்கும் தகுதி உண்டு. கடல் விரால் என்கிற கோபியாவை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது, 2010இல், நம் மண்டபம் ஊரில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்தான். நம் ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்கா திட்டமும் வந்திருக்கிறது. அம்மா முங்கி எடுக்கிற பாசியை மகள் படித்துவிட்டு வருவதில் என்ன குறைச்சல்?

இடங்கள் குறைவு, போட்டி கடுமை. மதிப்பெண் வேண்டும், சந்தேகமில்லை.

இனி முடிப்பது பற்றி. அந்த அண்ணன் மகன் மக்கு இல்லை. முதல் செமஸ்டரில் நாலு அரியர். அரியர் என்றால் மறுபடி எழுதலாம் என்றுகூட அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இதற்கெல்லாம் பிளஸ் ஒன்னிலேயே பள்ளி பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும் என்று நான் தலைமையாசிரியர்களிடம் சண்டையே போடுகிறேன். வாரம் இரண்டு பீரியட் உயிரியலை ஆங்கிலப் புத்தகத்திலும் சேர்த்து வாசிக்கட்டும். செமஸ்டர், இன்டர்னல், அரியர் என்றால் என்னவென்று அதே ஊரிலிருந்து போய்ப் படிக்கிற அக்காவோ அண்ணனோ வந்து சொல்லட்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கக் கூடாது. கல்லூரிக்குப் போன பிறகும் முதல் வருடம் முழுக்க ஓர் ஆசிரியர் மாதம் ஒரு தடவை போன் செய்து, "எத்தனை பேப்பர் நின்னுச்சு?" என்று கேட்கட்டும். அந்த ஒரு போன் வந்திருந்தால் அந்தப் பையன் இன்று படகில் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

அக்கா, பரீட்சை லீவில் சாயல்குடி வழியாகப் போகிற தூத்துக்குடி பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போய், கல்லூரியையும் விடுதியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். கொழுந்தனாரின் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.